வேட்டிக்கு மேலே பெல்ட், பெல்ட்டில் துப்பாக்கி

முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெண் பார்க்கக் கோயிலுக்குத் துப்பாக்கி கட்டிக்கொண்டு போனவன் நான். எனக்கு எதிரி என்று யாரும் இல்லை. என்னை அடிக்க ஒருவன் மினக்கெட வேண்டும் என்றால், முதலில் அவனுக்கு என் பெயராவது தெரிந்திருக்க வேண்டும்.

எண்பதுகளின் கடைசி. சிட்னியில் ஒரு காவல் நிறுவனத்தில் வேலை. நகைப் பட்டறைகளிலிருந்து கடைகளுக்குக் கற்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்போம். சீருடை கிடையாது. சாதாரணச் சட்டை, அதற்குள் இடுப்பில் உள்ளங்கையளவு கைத்துப்பாக்கி. என்னிடம் பெறுமதியான பொருள் இருக்கும் என்று ஒருவரும் நினைக்க மாட்டார்கள், அதனால்தான் என்னை எடுத்ததாக மேலாளர் சொன்னார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

சின்னப் பொருள்தான். ஆனால் அந்தச் சனியனோடு வாழ்ந்து பார்க்க வேண்டும். பஸ்ஸில் சாய்ந்தால் விலாவில் குத்தும். வியர்வையில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசினால், சட்டைகளின் வலப்பக்கம் மட்டும் வடை சுற்றிய காகிதம் போல ஆகிவிடும். விழுந்த பேனாவைக் குனிந்து எடுக்க முடியாது, சட்டை மேலே ஏறிவிடும். நிறைமாதக் கர்ப்பிணி போல முழங்காலை மடித்து மெல்ல இறங்குவேன். இரண்டு வருடத்தில் அது என்னை ஒரு தடவையும் காப்பாற்றவில்லை. நான்தான் மழையிலிருந்தும் வியர்வையிலிருந்தும் அதைக் காப்பாற்றினேன். இருந்தும் அதைக் கட்டியதும் நெஞ்சு முன்னுக்குத் தள்ளும், நடை அகலும். கண்ணாடியில் பார்த்தால் வயிற்றுவலிக்காரன் ஒருவன் வீரம் காட்டுவது போலிருக்கும்.

வேலை முடிந்ததும் அதை அலுவலகப் பெட்டகத்தில் ஒப்படைக்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை நான் ஒப்படைக்கவில்லை. சிட்னிக்குத் தெற்கே ஹெலன்ஸ்பர்க் கோயிலில் பெண் வீட்டாரைச் சந்திப்பதாக ஏற்பாடு. எனக்கு முப்பத்து நாலு வயது. வந்த ஐந்து பேச்சும் கலைந்திருந்தன. இது ஆறாவது. இந்தப் பெண் ஹோம்புஷில் பெற்றோருடன் இருந்த ஆஸ்பத்திரித் தாதி. தொலைபேசியில் இரண்டு முறை கதைத்தபோது என் பகிடிக்குச் சிரித்தவள். இதுவும் கலைந்துவிடக் கூடாதே என்ற நடுக்கத்தில், நெஞ்சை நிமிர்த்துவதற்கென்று அந்தச் சாமானை வேட்டிக்கு மேல் பெல்ட்டில் கொழுவிக்கொண்டு போனேன். பட்டுவேட்டி அந்தப் பாரத்துக்குக் கீழே இறங்க, ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

யாழ்ப்பாணத்து ஆண்கள் கோயிலுக்குள் சட்டையைக் கழற்றுவார்கள். பிறந்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்த வழக்கம். வாசலில் பெண்ணின் தகப்பன் தன் சட்டையைக் கழற்றி மடித்துக் கையில் போடும்வரை அது என் ஞாபகத்தில் இல்லை. காரில் விட்டுவரலாம் என்றால், களவு போனால் மறியலில் கம்பி எண்ண வேண்டியதுதான்.

"தம்பி, சேட்டைக் கழட்டுங்கோவன்."

"பரவாயில்லை அங்கிள், குளிருது."

தை மாதம், சிட்னியில் கொளுத்தும் கோடை வெயில். என் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பூசை நேரம் முழுவதும் சுற்றியிருந்த வெறும் முதுகுகளுக்கு நடுவே நான் ஒருவன்தான் கழுத்துவரை பொத்தான் பூட்டி நின்றேன். பின்னால் அவர் மனைவியிடம் கிசுகிசுத்தது கேட்டது.

"மேலிலை என்னவோ இருக்கு. பழைய காயமோ, தேமலோ தெரியேல்லை."

"தேமல் எண்டால் பரவாயில்லையப்பா, மருந்து இருக்கு."

இல்லாத தேமலுக்காக இந்தப் பெண்ணை இழப்பதா? பூசை முடிந்ததும் தகப்பன், தாய், பெண் மூன்று பேரையும் கார் நிறுத்துமிடத்தில் ஓரமாகக் கூப்பிட்டேன்.

"அங்கிள், எனக்குத் தேமலும் இல்லை, வேறை ஒரு வருத்தமும் இல்லை. இஞ்சை பாருங்கோ."

மந்திரவாதி திரையை விலக்குவது போலச் சட்டையைத் தூக்கினேன். மனிதர் இரண்டடி பின்வாங்கி, மனைவியை முதுகுக்குப் பின்னால் இழுத்தார்.

"உதைக் கோயிலுக்குள்ளையோ கொண்டு வந்தனீர்?"

அதுவரை 'ங்கோ' என்று கிடைத்த மரியாதை அத்தோடு சரி.

"லைசென்ஸ் இருக்கு அங்கிள்." அது வேலை நேரத்துக்கு மட்டும் என்பதை விழுங்கிவிட்டேன்.

"உதுகளுக்குப் பயந்துதான் ஊரை விட்டு வந்தனாங்கள். அங்கை நீட்டினவங்களிட்டை லைசென்ஸ் கேக்க எங்களுக்கு வசதிப்படேல்லை."

"கடவுளே, தேமலா இருந்திருக்கலாம்," என்றார் பெண்ணின் அம்மா.

பெண் சிரிக்கவில்லை. என் இடுப்பைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். நானோ, ஒரு கையால் வேட்டியைப் பிடித்தபடி நெஞ்சை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினேன்.

"நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. இது என்னட்டை இருக்கும்வரைக்கும் உங்களுக்கு ஒரு பயமும் வராது."

அவள் தகப்பனுக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டபடி சொன்னாள்:

"இவ்வளவு நேரமும் எங்களுக்குப் பயம் இருக்கேல்லை."