தட்டிக்கழிக்க முடியாத தோள்

விடுதி ஒன்றின் சலவைக்கூடத்தில் என் சித்திக்குப் படுக்கை விரிப்பு மடிக்கும் வேலை. ஒரு விரிப்புக்கு இரண்டு பேர். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, தரையில் படாமல் மடிக்க வேண்டும். சித்திக்கு ஜோடியாக வாய்த்தவள் நல்ல உயரம்; சித்தி அவளை நெட்டை என்பாள். அவள் கை போகிற உயரத்துக்குக் குள்ளமான சித்தியும் கையை ஏற்றியாக வேண்டும். ஏற்றி ஏற்றி வலது தோள் விட்டுப்போயிற்று. மேற்பார்வையாளருக்குத் தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. வீட்டுக்கு வந்தால் தலைவாரக்கூடக் கை எழாமல் நாற்காலியில் சாய்ந்துவிடுவாள்.

ஊர் சுற்றித் திரும்பிய நான் கொண்டுவந்தவற்றில் அவளுக்கு ஆகக்கூடியது ஒன்றுதான். வழியில் தங்கிய இடத்தில் முதுகு பிடித்துக் கிடந்தபோது பக்கத்துக் கட்டில்காரி கற்றுத்தந்தது. புருவ முனை, கண்ணோரம், மூக்கின் கீழ், காறை எலும்பு என்று விரல் நுனியால் தட்டிக்கொண்டே, "வலி இருந்தாலும் என்னை நான் ஏத்துக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

"வலியைத் தட்டிக்கழிக்கச் சொல்றியா?" என்றாள் சித்தி.

"கழிக்க வேண்டாம் சித்தி. தட்டினாப் போதும்."

"இத்தனை தேசம் சுத்தி இதைத்தான் கத்துக்கிட்டு வந்தியாக்கும்."

ஆனாலும் தட்டினாள். 'ஏத்துக்கிறேன்' மட்டும் வாயில் நுழையவில்லை. "வலி இருக்கு, வலி இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

"எப்படி இருக்கு?"

"அது அங்கேயேதான் இருக்கு. நான்தான் கொஞ்சம் தள்ளி உக்காந்திருக்கேன்."

மறுநாள் தேநீர் இடைவேளையில் துணிமூட்டைகளுக்குப் பின்னால் நின்று தட்டியிருக்கிறாள். பழக்கத்தில் வாய் உரக்கவே சொல்லிவிட்டது. திரும்பினால் நெட்டை.

"யாருக்குக்கா வலி?"

பொய் சொல்லவும் அலுப்பாக இருந்ததாம். "எனக்குத்தான். உன் உசரத்துக்குத் தூக்கித் தூக்கி. மேலே போட்டுக் குடுத்துடாதே."

"அட, முன்னாடியே சொல்றதுக்கென்ன? நீங்க இவ்ளோ தூக்கறீங்களே, என்னைச் சோம்பேறின்னு நினைச்சுடுவாங்கன்னு நானும் இன்னும் ஏத்திக்கிட்டே இருந்தேன்!"

அன்றிலிருந்து நெட்டை முழங்காலை மடித்துத் தாழ்ந்து நிற்கிறாள். இறுக்கி இழுத்துப் பிடித்தால் விரிப்பு தரையில் படுவதில்லை. மேற்பார்வையாளர் எதையும் கவனிக்கவில்லை. சித்தி இப்போது தலைவாரிக்கொள்கிறாள், பாதி வரைக்குமாவது.

நேற்று நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடியபடியே சொன்னாள்: "நெட்டைக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சுடி. தட்டக் கத்துக்குடுத்தேன். தட்டறா. வலி இருக்குன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கறா. யார் காதுலயாவது விழுந்தா வேலை போயிடுமாம்."