காலிப் பையின் எடை

அப்பு, நீ கண்ணை மூடிய பிறகு உன்னைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்கிறார்கள், உன்னோடு பழைய ராணுவச் சாமான் சேர்த்த கூட்டாளிகள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நான் விற்கும் மாவு பாக்கெட்டின் மேல் தேதி எழுதுவதைத் தவிர என் கைக்கு எழுத்து வேலை இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். வேறு யார் எழுதுவார்கள்?

ஐயா, உங்களுக்கெல்லாம் அவன் ஏகாம்பரம் சார். எனக்குத் தம்பி. என் வீட்டுக்காரர் போன பிறகு, தெலுங்கு பேசும் இந்த ஊரில், திருமுல்கேரி வீட்டில் எனக்கு அவன், அவனுக்கு நான். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டான்.

அன்று காலையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. போன் அடித்தது காதில் விழவில்லை. நிறுத்திவிட்டுப் பார்த்தால் உங்களில் ஒருவரான உப்பல் சீனிவாஸ் விடாமல் கூப்பிட்டிருக்கிறார். அவர் வீட்டுக்கு துப்பாக்கியைத் தோளில் மாட்டும் ஒரு வாரைப் பார்க்கத்தான் அப்பு கிளம்பிப் போயிருந்தான். சீனிவாஸுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். "அக்கா, சார் வந்தாரு. உக்காந்தாரு. தண்ணி கேட்டாரு" என்றார்.

"தண்ணி குடுத்தீங்களா?" என்றேன். என்ன கேட்பதென்று தெரியாமல் கேட்டது அது.

"குடுத்தேன் அக்கா. குடிக்கல."

அவன் சேர்த்த பொருள்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். எஸ்.எல்.ஆர். என்று ஒரு ராணுவத் துப்பாக்கி. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு போகும், அடுத்தது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அதே துப்பாக்கியைப் பல நாட்டுத் தொழிற்சாலைகளில் செய்தார்களாம். ஒரு இடத்தில் கைப்பிடி மரம், ஒரு இடத்தில் பிளாஸ்டிக். வாரின் கொக்கி ஒவ்வொரு இடத்திலும் ஒரு மாதிரி. எது எந்தத் தொழிற்சாலையில், முந்திச் செய்ததா பிந்திச் செய்ததா என்று கண்டுபிடிப்பதுதான் அவன் பைத்தியம். துப்பாக்கியை நம்மைப் போன்றவர்கள் வீட்டில் வைக்க முடியாது. அவன் ஆசைப்பட்டதும் இல்லை. "துப்பாக்கி சர்க்காருது அக்கா. அதோட துணிமணி மட்டும் எனக்கு" என்பான். வார், குண்டு அடைக்கும் மேகசினை வைக்கும் பை, எண்ணெய்ப் புட்டி, குழலைத் துடைக்கும் கயிறு, இவைதான் அந்தத் துணிமணி.

"உனக்குப் பொண்ணு பாத்தா வேணாங்கற. துப்பாக்கிக்கு மட்டும் சீர்வரிசை சேக்கறியே, எந்த ஊரு மாப்பிள்ளைடா அது?" என்று நான் கேட்டால் சிரிப்பான்.

எதையும் திருப்பிப் பார்க்காமல் வாங்க மாட்டான். காய்கறி வண்டி பாஷா அவனைக் கண்டாலே தலையில் கை வைத்துக்கொள்வார். எங்கள் தெருவில் சுற்றிச் சுற்றித் தமிழ் பழகியவர் அவர். ஒரு நாள் அப்பு காலிஃபிளவரைக் கையில் ஏந்தி நின்றபோது, "கைக்கு சார் இவ்ளோ யோசனை? பூ தான் அது, பாம் இல்ல!" என்று கத்திவிட்டார். கைக்கு என்றால் அவர் பாஷையில் எதுக்கு. அப்பு அசையவில்லை. ஒன்றை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தான். "கையில ஏறினதுமே பாதி தெரிஞ்சிடும். கண்ணு அப்புறம்தான்" என்பது அவன் பேச்சு. நீங்களும் கேட்டிருப்பீர்கள். எங்கள் வீட்டில் நீங்கள் கூடிய அன்று உங்களில் ஒருவர் ஒரு எண்ணெய்ப் புட்டியைக் கொடுத்தார். கண்ணாடியைக்கூடப் போடாமல் உள்ளங்கையில் வைத்தபடி, "எடை பத்தலீங்க, இது இப்ப செஞ்சது" என்று திருப்பித் தந்தான். நான் டீ கொண்டுவந்து அப்படியே நின்றிருந்தேன்.

இப்போது ஸ்டேஷனுக்குப் போன கதை. உங்களில் பலருக்கு அது அரைகுறையாகத்தான் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையிலிருந்து ஒரு கான்வாஸ் பை வாங்கி வந்தான். மேகசின் வைக்கும் பைதான். கூடத்தில் உட்கார்ந்து மூடியைத் திறந்தான். உள்ளே கையை விட்டவன் அப்படியே இருந்தான். பிறகு எண்ணெய்த் துணி சுற்றிய ஒரு எஃகுத் துண்டை எடுத்துத் தரையில் வைத்தான். உள்ளங்கை நீளம் இருக்கும்.

"இன்னாடா அது?"

"பிரீச் பிளாக். குண்டு வெடிக்கறப்ப பின்னால அடைச்சு நிக்கற பாகம். இது துணிமணி இல்ல அக்கா. துப்பாக்கியே இது. லைசென்ஸ் இல்லாம வீட்ல இருந்தா உள்ள தூக்கிப் போட்டுடுவாங்க."

வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். அவன் வேலை பார்த்தது பாலாநகரில், விமானத்துக்குச் சாமான் செய்யும் இடத்தில். ஒரு போலீஸ் கேஸ் என்றால் வாசலில் பாஸைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். "ஏரியில தூக்கிப் போட்டுட்டு வாடா" என்றேன். "யாரு கையிலயாவது கிடைக்கும்" என்றான். சொல்லிக்கொண்டே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு ஓரத்தில் ஏதோ முத்திரை. "மொத மொத செஞ்ச வகை அக்கா. படத்துலகூட நான் பாத்ததில்ல." மறுநாள் லீவு போட்டான். மத்தியானம் வரை அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். சாப்பிடவில்லை. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, ஸ்டேஷனுக்குப் போலாம்" என்றான்.

அங்கே இருந்த எஸ்.ஐ. நல்ல மாதிரி. துண்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். தெலுங்கில், ஏதோ மெஷின் பாகம் கிடைத்ததாக எழுதிக்கொள்கிறேன், நீங்கள் போகலாம் என்றார். எனக்கு உயிர் வந்தது. எழுந்தேவிட்டேன்.

அப்பு எழுந்திருக்கவில்லை. "இல்ல சார். மெஷின் பாகம் இல்ல. ரைஃபிள் பிரீச் பிளாக். அப்படித்தான் எழுதணும்" என்றான். அவன் தொடையைக் கிள்ளினேன். நிறுத்தவில்லை. எந்த நாட்டுத் தொழிற்சாலை, பின்னால் வந்ததில் எந்த விளிம்பை மாற்றினார்கள், எல்லாம் சொன்னான். தப்பான பெயரில் ஒரு பாகம் இருப்பதைத் தாங்க முடியாது அவனுக்கு. வாட்ஸ்அப்பில் உங்களை எப்படித் திருத்துவானோ அப்படியே போலீஸையும் திருத்தினான்.

எஸ்.ஐ. பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இவ்வளவு தெரிஞ்சவன் தெரியாமலா வாங்கினே?"

"பையைத்தான் சார் வாங்கினேன். வீட்டுக்கு வந்துதான் உள்ள இருந்ததைப் பாத்தேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா."

"என் தம்பிக்குப் பொய் வராது சார்" என்றேன்.

ஜீப்பில் வீட்டுக்கு வந்தார்கள். பெட்டிகளைக் கூடத்தில் கொட்டினார்கள். வார்கள் பாம்பு மாதிரி தரையெங்கும் கிடந்தன. தெரு முழுக்க எங்கள் வாசலில். அப்போதும் அவன், "சார், அதை மடிக்காதீங்க, கான்வாஸ் உடைஞ்சிடும்" என்கிறான். "வாயைத் தொறக்காதே" என்று ஒரு கான்ஸ்டபிள் அதட்டினார். அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனபோது நான் வாசற்படியில் நின்றேன்.

ஆயுதம் தெரிந்த அதிகாரி ஒருவர் வந்து எல்லாவற்றையும் பார்த்தார். மற்றதெல்லாம் வார், பை, புட்டிதான், குற்றமில்லை, தானாகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான் என்று எழுதினார். விட்டுவிட்டார்கள். வேலையும் போகவில்லை. ஆனால் விசாரணை, விசாரணை என்று இழுத்ததில் பதவி உயர்வு போயிற்று. "போவட்டும் அக்கா. பேரு சரியா எழுதியிருக்காங்க, அது போதும்" என்றான். அந்த நாளைப் பற்றி அதன் பிறகு வீட்டில் பேச்சே இல்லை.

அவன் சேர்த்ததை எல்லாம் நீங்களே பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள். சீனிவாஸ் வீட்டு வாரை அவன் பார்த்து முடிக்கவில்லை. அதற்கு யாராவது சரியான பெயர் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள், அதுதான் அவனுக்குப் பிடிக்கும். எஃகுத் துண்டை வைத்துக்கொண்டு பையை மட்டும் ஸ்டேஷனில் திருப்பித் தந்தார்கள். அந்தப் பை எனக்கு. அதை யாரும் கேட்க வேண்டாம்.

அது சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. காலையில் பெருக்கும்போது எடுத்து வைக்கிறேன். கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது, அவ்வளவு லேசு. நேற்று அந்த எஃகுத் துண்டின் கனம் இருக்கும் எடைக்கல் ஒன்றை உள்ளே போட்டுத் தூக்கிப் பார்த்தேன். கை அப்படியே இறங்கியது.

மாவு அளக்கிற என் கைக்கே தெரிகிறது, அப்பு. காலிஃபிளவரைக்கூட எடை பார்த்து வாங்கியவன் நீ. சந்தையில் இந்தப் பையைத் தூக்கினபோது உன் கைக்குத் தெரியாமலா இருந்தது?