விறகில்லாத வெந்நீர்

மலாயாவில், கோலா கெத்தில் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், துரையின் குளியலுக்கு வெந்நீர் போடுவது மருதம்மாளின் வேலை. தண்ணீர்க்காரனாக இருந்த புருஷன் காய்ச்சலில் போனதும், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அந்த வேலையை அவளிடமே விட்டுவிட்டார். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, பங்களாவுக்குப் பின்னால் இரும்புப் பீப்பாயில் தண்ணீர் நிரப்பித் தீ மூட்டுவாள். ஈர விறகென்றால் ஊதி ஊதிக் கண் சிவந்துபோகும். ஒன்பது வருஷத்தில் அந்த வெந்நீர் ஒரு செம்புகூட அவள் மேல் பட்டதில்லை. அது பங்களா விறகு. அவளுக்குக் கிணற்றடிதான்.

1927இல் ஒரு நாள், சைக்கிளில் மருந்து விற்க வரும் ஜப்பான்காரர் ஒகாவா அவள் கண்ணைப் பார்த்துவிட்டு இரண்டு சொட்டு மருந்து விட்டார். தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயங்களில் திரிந்ததில் அவருக்குக் கொஞ்சம் தமிழ் வந்திருந்தது.

"எங்க ஊர்ல இந்த வேலை இல்ல. வெந்நி மண்ணுலேருந்து வருது. ரோட்டோரக் கால்வாயில ஓடுது. பணக்காரன் சத்திரத்துல குளிப்பான். நாங்க தெருத் தொட்டியில, சும்மா."

"விறகு யாரு போடுறது?"

"யாரும் இல்ல."

கேலி செய்கிறார் என்று நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை. "கூப்பாங் பக்கம் காட்டுலயும் ஒண்ணு இருக்காம். மலாய்க்காரங்க ஆயர் பானாஸ்னு சொல்றாங்க. நான் போனதில்ல."

அன்றிலிருந்து அது அவளை விடவில்லை. நெருப்பில்லாமல் தண்ணீர் எப்படிச் சுடும்?

அடுத்த மாதம் துரை நாலு நாள் பினாங்குக்குப் போனார். குளிக்க ஆளில்லை என்றால் வெந்நீரும் வேண்டாம். மருதம்மாள் நாத்தனார் குணவதியைக் கூப்பிட்டாள்.

"சுடுதண்ணி பாக்கவா அண்ணி அவ்வளவு தூரம்? நீ தெனம் பாக்கிறதுதானே."

"நான் போடாத தண்ணியைப் பாக்கணும்."

கட்டுச்சோறும் கருவாடும் எடுத்துக்கொண்டு இருவரும் டவுனுக்கு நடந்தார்கள். கடைக்கார நாகூர் மீரானின் மாட்டுவண்டி கூப்பாங்குக்குச் சரக்கு ஏற்றி நின்றது.

"கூலி வேணாம்மா. மழை வந்தா உப்பு மூட்டை நனையாம சாக்கைப் பிடிச்சுக்குங்க, போதும்" என்றார் அவர்.

மழையும் வந்தது. மூட்டை நனையவில்லை, அவர்கள் இருவரும்தான் தெப்பலாக நனைந்தார்கள். இரவு கூப்பாங் கடையில் தங்கி, விடிந்ததும் காட்டுப் பாதையில் நடந்தார்கள். ஆற்றை இரண்டு இடத்தில் கடந்தார்கள். மூன்றாவது மணி நேரத்தில் குணவதி நின்றாள்.

"அண்ணி, அங்க பொகை."

புகை இல்லை. மரங்களுக்கு நடுவே பாறைக் குட்டையிலிருந்து வெள்ளையாக ஆவி எழுந்துகொண்டிருந்தது. அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழ்கள். மருதம்மாள் குட்டையைச் சுற்றி வந்தாள். சாம்பல் இல்லை, கரி இல்லை. குனிந்து மண்ணில் உள்ளங்கையை வைத்தாள். மாட்டின் வயிற்றைத் தொட்டதுபோல் கதகதவென்று இருந்தது. கையை எடுக்கத் தோன்றவில்லை.

தண்ணீரில் கால் வைக்கப் போனபோது ஒரு மலாய்ப் பெண் அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். சைதூன் என்று பெயர் சொன்னாள். கையிலிருந்த பிரம்புக் கூடையை அந்தக் குட்டையில் முக்கி, கொஞ்ச நேரம் கழித்து எடுத்துக் காட்டினாள். உள்ளே முட்டைகள் வெந்திருந்தன. ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு, கீழே ஓடைத் தண்ணீர் வந்து கலக்கும் இன்னொரு குட்டையைக் கை காட்டினாள். "சினி, கக்காக்" என்றாள். இங்கே வா அக்கா என்கிறாள் என்று கையசைப்பிலேயே புரிந்தது.

மருதம்மாள் சேலையோடு இறங்கினாள். முழங்கால், இடுப்பு, கழுத்து. ஒன்பது வருஷமாக வாளி தூக்கிய தோள்கள் தண்ணீருக்குள் தாமாகவே தளர்ந்தன. வெந்நீர் இப்படி இருக்கும் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. ஆறிவிடும், ஆறிவிடும் என்று மனம் பழக்கத்தில் பதறியது. ஆறவில்லை. யாரும் ஊதாத, யாரும் அடுக்காத நெருப்பு ஒன்று பூமிக்குள் தன்பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அழுவுறியா அண்ணி?"

"இல்ல. இது எல்லாருக்கும்தான் வருது, பாத்தியா. துரைக்குன்னு இல்ல."

வெயில் உச்சிக்கு வரும்வரை அவர்கள் எழுந்திருக்கவில்லை.

தோட்டத்துக்குத் திரும்பிய மருதம்மாள் மறுநாளே பீப்பாயை நிரப்பினாள். ஆனால் பார்த்ததைக் கிணற்றடியில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாதிப் பேர் நம்பவில்லை. அடுத்த தீபாவளி லீவில், நம்பாதவர்களையும் சேர்த்து ஒன்பது பெண்களை அவளே கூட்டிக்கொண்டு போனாள். ஆவியைக் கண்டதும் அவர்களில் ஒருத்தியான காளியம்மா செருப்பைக் கழற்றிக் கையெடுத்துக் கும்பிட்டாள். வழியெல்லாம் நம்பாமல் பேசிக்கொண்டு வந்தவர்களும், கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து அடிமண்ணை உள்ளங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.