ஒலிபெருக்கியில் வந்த அண்ணி

நகராட்சியில் அறிவிப்பு வாசிப்பது அவள் வேலை. தண்ணீர் நிற்கும் நாள், சாலை மூடும் நேரம் எல்லாம் தெருமுனை ஒலிபெருக்கிகளில் அவள் குரலில்தான் வரும். கடையில் வாயைத் திறந்தாலே ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆபத்து நேரத்தில் தாமதம் கூடாதென்று அலுவலகம் செயற்கை நுண்ணறிவைக் கொண்டுவந்தது. நிலைமையைக் கணித்து, அறிவிப்பை எழுதி, அவள் குரலிலேயே அது பேசிவிடும்.

"அனுப்புறதுக்கு முன்னாடி யார் சார் சரிபார்ப்பாங்க?"

"அதுவே பாத்துக்கும்மா," என்றார் பொறியாளர்.

அந்த 'அதுவே' அவளுக்கு நெருடியது. வீட்டுக்கு வந்ததும் நாத்தனாரிடம் கறாராகச் சொன்னாள்: "என் குரல்ல எது வந்தாலும் என்னைக் கேக்காம நம்பிடாத."

ஒரு மத்தியானம் பல் மருத்துவரிடம் காத்திருந்தபோது தெருவில் அவள் குரல் கேட்டது. ஐஸ் தொழிற்சாலையில் அமோனியா கசிகிறது, ஜன்னல்களை மூடிக்கொண்டு உள்ளேயே இருங்கள் என்றது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"நான் பேசலீங்க," என்றாள். ஜன்னலை மூடப்போன செவிலியின் கை அப்படியே நின்றது.

பொறியாளரை அழைத்தாள்.

"கசிவு நிஜம்தான்மா. தீயணைப்பு ஆளுங்களும் போயிட்டாங்க."

"நீங்க விசாரிச்சுட்டுதான் அறிவிப்பை அனுப்புனீங்களா?"

"அறிவிப்பு போனப்புறம்தான் விசாரிச்சேன்."

செவிலியிடம் மூடச் சொல்லிவிட்டு, பதறிப்போய் நாத்தனாரை அழைத்தாள். அவர்கள் வீடு தொழிற்சாலைக்குப் பின்புறம்.

"ஜன்னலைச் சாத்துடி. நிஜமாவே கசியுது."

"ஸ்பீக்கர்ல வந்ததும் உங்க குரல், போன்ல வர்றதும் உங்க குரல். எதை அண்ணி நம்புறது? நீங்கதானே நம்பாதேன்னீங்க?"

"என் நீலச் சட்டையை இஸ்திரி போட்டுத் தீய்ச்சிட்டு, எலி கடிச்சதுன்னு என்கிட்ட மட்டும் சொன்னல்ல? எலி கடிச்சா ஓரம் கருகுமாடி?"

மறுமுனையில் ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்படும் சத்தம் கேட்டது.

நாத்தனாருக்குக் கண் எரிச்சலோடு போயிற்று. ஆனால் ஜன்னல் திறந்துகிடந்ததற்குத் தன் வாய்தான் காரணம் என்பது அண்ணியை அரித்தது. மறுநாள் பொறியாளர் முன்னால் போய் நின்றாள்.

"அதான் சரியாச் சொல்லிச்சேம்மா," என்றார் அவர்.

"அதுதான் சார் பயமே. நாளைக்குத் தப்பாச் சொன்னாலும் இதே குரல்தானே வரும்?"

இழுபறிக்குப் பின் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கருவி எச்சரிக்கட்டும், எழுதித் தரட்டும். பணியில் இருப்பவர் விசாரித்து, தன் பதவியைச் சொல்லி, தன் வாயாலேயே வாசிக்க வேண்டும். அவள் குரலைக் கருவியிலிருந்து நீக்கினார்கள்.

அடுத்த மழை எச்சரிக்கையைப் பொறியாளரே தட்டுத்தடுமாறி வாசித்தார். பக்கத்து அறையில் இருந்த அவள் எழுந்து போய், அவர் வாய் அசைகிறதா என்று கண்ணாடி வழியே பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.