பக்கத்து வீட்டு வாக்குமூலம்

அப்பாவின் துப்பாக்கி லைசென்ஸைப் புதுப்பிக்க நான் போட்ட பட்டியலில் பதினோரு வரிகள் இருந்தன. கட்டுமான வேலையில் தரம் பார்க்கும் இன்ஜினியர் நான். கான்கிரீட் லாரி வந்து நிற்பதற்கு முன்பே எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று எழுதி வைத்து, ஒவ்வொன்றாக டிக் அடித்துப் பழக்கம். அதனால் வீட்டில் எந்தக் காகித வேலை வந்தாலும் என் மேஜைக்குத்தான் வரும்.

அப்பா ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். திண்டிவனத்தில் ஒரு வங்கிக் கிளையின் வாசலில் காவலுக்கு நிற்கிறார். துப்பாக்கியோடு நிற்கும் காவலருக்குத் துப்பாக்கியும் சொந்தமாக இருக்க வேண்டும், லைசென்ஸும் அவர் பெயரிலேயே இருக்க வேண்டும். அவரை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரர் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "தேதி முடிஞ்சா மறுநாள்ல இருந்து டூட்டி கிடையாது சார். எனக்குச் சங்கடமாத்தான் இருக்குது."

அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. இந்த வேலை போனால் இன்னொன்று கிடைக்காது. வேலை இல்லாமல் அவர் எப்படி இருப்பார் என்று எங்களுக்கு ஒருமுறை தெரிந்துபோயிருந்தது. முதுகுப் பிடிப்பில் இரண்டு வாரம் வீட்டில் இருந்தபோது, மூன்றாம் நாளே அம்மாவின் மளிகை டப்பாக்களை உயரப்படி அடுக்கி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டினார். ஐந்தாம் நாள் அம்மா என்னிடம் வந்து, "ஏதாவது பண்ணுடி, இல்லன்னா நான் எங்க அம்மா வூட்டுக்குப் போறேன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் ராத்திரி சாப்பாட்டின்போது அவர் தலை கவிழ்ந்தே இருந்ததை நாங்கள் இரண்டு பேருமே பார்த்திருந்தோம்.

ஆகவே பதினோரு வரிகள். ஆன்லைனில் மனு, அதன் நகல், பழைய லைசென்ஸ் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களும், போட்டோ, முகவரிச் சான்று, தேர்தல் சமயங்களில் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தபோது கொடுத்த ரசீதுகள் என்று போகும். ரசீதுகளை அப்பா ஒன்றுவிடாமல் வைத்திருந்தார். ஏழாவது வரி, துப்பாக்கியை வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழி. அதை நான் டைப் செய்து கொடுத்தேன், அவர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். ஒன்பதாவது, டாக்டர் சான்றிதழ்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கண் பார்த்தார், கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"கோபம் வருமா?"

"வரும் சார்." அம்மா பின்னால் நின்று அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் திரும்பவில்லை.

"வந்தா என்ன பண்ணுவீங்க?"

"கத்துவேன்."

"அப்புறம்?"

"அப்புறம் சாப்புடுவேன் சார்."

டாக்டர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பொய் சொல்லியிருந்தால் கண்டுபிடித்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. அந்த டாக்டருக்கு இன்றைக்கும் நன்றி.

மனு விழுப்புரம் கலெக்டர் அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து போலீஸ் விசாரணைக்காக எங்கள் ஊர் ஸ்டேஷனுக்கு இறங்கி வந்தது. ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு ஏட்டு ஒருவர் வீட்டுக்கு வந்தார். கண்ணாடி போட்டவர், நிதானமாகப் பேசுபவர். நான் அன்றைக்கு லீவு போட்டிருந்தேன். அப்பா டூட்டியில் இருந்தார்.

"அப்பா சாயங்காலம்தான் வருவாரு ஏட்டையா. போன் பண்ணி வரச் சொல்லட்டுமா?"

"வேணாம்மா. அவர் இல்லாத நேரம் பாத்துதான் வந்தேன்."

பீரோவைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். தோட்டாக்களைத் தனியாக வைத்திருக்கும் பெட்டியைப் பார்த்தார். நான் பைலை நீட்டினேன். அட்டவணை, பக்க எண், நிறம் நிறமாகப் பிரிப்புத் தாள். புரட்டிக்கொண்டே வந்தவர், "இதெல்லாம் நீ பண்ணதா? எங்க ஸ்டேஷனுக்கு வர்றியா?" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. கூடவே நான் பதினோராவது வரியை எடுத்துக் கொடுத்தேன். அக்கம்பக்கத்தில் விசாரிப்பதற்காக இரண்டு பேருடைய விவரம். ஒருவர் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார், இன்னொருவர் தெருமுனைக் கடைக்காரர். இரண்டு பேரிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன்.

ஏட்டு அந்தத் தாளைப் பார்த்துவிட்டு மடித்து பைலுக்குள்ளேயே செருகினார்.

"இவங்கள்லாம் உங்களுக்கு வேண்டியவங்கம்மா. இவங்க நல்லாத்தான் சொல்லுவாங்க. உங்கப்பாவோட பேசாதவங்க யாரு?"

அவரே தன் பையிலிருந்து ஒரு நகலை எடுத்தார். மூன்று வருடத்துக்கு முன்பு அப்பா மீது ஸ்டேஷனில் கொடுத்த புகார் மனுவின் ரசீது. அது என் பட்டியலில் இல்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பாதி உண்மை.

கொடுத்தவர் பக்கத்து வீட்டுக்காரர். முன்னறையில் தையல் மெஷின் போட்டுப் பிளவுஸ் தைக்கிறவர். சின்ன வயதில் நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். எங்கள் வீட்டுத் துணி துவைக்கிற கல்லின் தண்ணீர் சாக்கடைக்குப் போகாமல் அவர் வாசலில் போய்த் தேங்கியது. பிளவுஸ் கொடுக்க வருகிறவர்கள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்ட வேண்டியிருந்தது. அவர் கேட்டார், அப்பா கத்தினார், அவரும் கத்தினார். கடைசியில் ஸ்டேஷன் வரை போய், இரண்டு தரப்பும் இனி சண்டை போட மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அடுத்த வாரமே மறுபடியும் ஆரம்பித்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் 'பக்கத்து வூடு'தான்.

"நீ உள்ள போய் இரும்மா" என்று சொல்லிவிட்டு ஏட்டு அங்கே போனார்.

நான் சமையலறைக்குப் போனேன். அம்மா மிக்ஸியை நிறுத்தினாள். எங்கள் ஜன்னலுக்கும் அவர்கள் ஜன்னலுக்கும் நடுவே ஐந்தடிதான் இருக்கும். கேட்கக் கூடாது என்று தெரியும். கேட்டோம்.

"இன்னா சார், தண்ணி விஷயமா? இப்பவாவது வந்தீங்களே!"

"அது இல்லம்மா. பக்கத்து வூட்டுக்காரரோட துப்பாக்கி லைசென்ஸ். ரினியூவலுக்குப் போட்டிருக்காரு."

தையல் மெஷின் சத்தம் நின்றது.

"எப்பிடி ஆளும்மா அவரு?"

"சண்டக்காரரு." யோசிக்கவே இல்லை. "வாயத் தொறந்தாருன்னா மூடமாட்டாரு. மிலிட்டிரில இருந்தா இன்னா? அதுக்குன்னு நாங்கள்லாம் அவருக்குக் கீழ சிப்பாயா?"

அம்மா மிக்ஸி மூடியைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"குடிப்பாரா?"

"அதெல்லாம் கெடையாது. குடிச்சாலாவது ஒரு நாள் மறந்துட்டுத் தூங்குவாரு. அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்."

"சரி. சண்ட போடும்போது துப்பாக்கியக் காட்டி மிரட்டினது, கைய ஓங்கினது, அந்த மாதிரி?"

ஒரு 'ஆமாம்' போதும் என்று எனக்குத் தெரியும். பொய்யாகச் சொன்னாலும் போதும். ஏற்கெனவே புகார் இருக்கிறது, ஏட்டு அதை எழுதுவார், அது மேலே போகும், பதினோரு வரியும் வீண். மூன்று வருடமாக அவர் வாசலில் தேங்கிய தண்ணீருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவருக்குக் கிடைக்காது.

"அந்தாளப் பத்தி நான் நல்லது சொல்லணும்னு எனக்கு ஒண்ணும் தலையெழுத்து இல்ல சார்" என்றது அந்தக் குரல். "ஆனா நடந்தத சொல்றேன். டூட்டி முடிஞ்சி வண்டியக் கொண்டாந்து நிறுத்துவாரு. நான் கேட்டாண்ட நின்னுக்கினு அப்பவே ஆரம்பிச்சிடுவேன். தோள்ல துப்பாக்கி மாட்டிக்கினு இருப்பாரு. ஒரு வார்த்த பேசமாட்டாரு சார். நான் இன்னா சொன்னாலும் சரி, தலையக் குனிஞ்சிக்கினு உள்ள போவாரு. பீரோ தொறக்கற சத்தம் கேக்கும். பூட்டற சத்தம் கேக்கும். சாவிய அந்தம்மா கையில குடுப்பாரு. அதுக்கப்பறம் வெளிய வந்து, 'இப்ப சொல்லும்மா'ன்னு ஆரம்பிப்பாரு பாருங்க! தெருவே வேடிக்க பாக்கும்."

"எத்தினி தடவ பாத்திருக்கீங்க?"

"மூணு வருஷமா நடக்குது, எண்ணிக்கினா இருக்க முடியும்? ஒரு தடவகூட அத மாட்டிக்கினு பேசினதில்ல. அவரு பூட்டிட்டு வர்ற வரைக்கும் நான் தொண்டையக் கனைச்சிக்கினு நிப்பேன்."

ஏட்டு சிரிப்பது கேட்டது. "எழுதிக்கட்டுமாம்மா?"

"எழுதுங்க. தண்ணி விஷயத்தையும் சேத்து எழுதுங்க."

எழுதி முடித்து ஏட்டு வாசித்துக் காட்டினார். நடுவில் அந்தக் குரல் மறித்தது. "சண்ட போட்டதில்லன்னு எதுக்கு சார் எழுதுறீங்க? சண்ட போட்டாரு. துப்பாக்கியோட போடலன்னு எழுதுங்க." ஏட்டு அடித்துத் திருத்தினார். அதன்பின் கையெழுத்து.

நான் அம்மாவைப் பார்த்தேன். "தெனமும் சாவியக் குடுப்பாராம்மா?"

"ஆமா. நீ சைட்ல இருந்து வர்றதுக்குள்ள ஆயிடும். நான் மஞ்சத்தூள் டப்பாவுக்குள்ள போட்டு வைப்பேன்."

நான் டைப் செய்து கையெழுத்து வாங்கிய ஏழாவது வரி உறுதிமொழி அதுதான். அது நடந்ததற்கு வெளியாள் சாட்சி ஒருவர்தான் இருந்தார். அவரை ஏட்டு தேடிப் பிடித்திருக்காவிட்டால் நான் வாத்தியாரையும் கடைக்காரரையும் வைத்து முடித்திருப்பேன். அவர்கள் 'நல்ல மனுஷர்' என்றிருப்பார்கள். அந்தப் பழைய புகாருக்கு அது பதிலாகியிருக்காது.

சாயங்காலம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சண்டக்காரருன்னு சொன்னாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"மொத வார்த்தையே அதாம்ப்பா."

"ம்" என்றார்.

எனக்கு அன்றைக்கே பக்கத்து வீட்டுக்குப் போய் நன்றி சொல்ல வேண்டும் என்று இருந்தது. ஆனால் ஒட்டுக் கேட்டதை எப்படிச் சொல்வது? என்னால் முடிந்த வேறு ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை சைட்டிலிருந்து ட்யூப் லெவல் எடுத்து வந்தேன். தண்ணீர் நிரப்பிய நீளமான பிளாஸ்டிக் குழாய். இரண்டு முனையையும் பிடித்தால் தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று தெரிந்துவிடும். துவைக்கிற கல்லருகே ஒரு முனையை அம்மா பிடித்தாள், சாக்கடை ஓரம் நான். தரை இரண்டு விரல் அளவு பக்கத்து வீட்டு வாசல் பக்கம்தான் சாய்ந்திருந்தது. ஊரில் உள்ள தளத்துக்கெல்லாம் லெவல் பார்க்கிற நான் மூன்று வருடமாக இந்த ஐந்தடியைப் பார்க்கவில்லை. அப்பா சொல்வதுதான் சரி என்று இருந்துவிட்டேன்.

கொத்தனாரை வைத்துப் பாதி நாளில் பைப் போட்டு, தண்ணீரை நேராகச் சாக்கடையில் விட்டோம். பக்கத்து வீட்டுக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டருகே நின்று பார்த்தார்.

"இன்னா, வாக்குமூலத்துக்குக் கூலியா?"

"இல்லத்த. மூணு வருஷம் லேட்டு."

நான் அத்தை என்றதை அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை. "சிமெண்டு காயறதுக்குள்ள தண்ணிய விட்டுடாத" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மெஷின் சத்தம் கேட்டது.

சில வாரங்களில் விழுப்புரத்துக்கு வரச் சொல்லித் தகவல் வந்தது. துப்பாக்கியின் எண்ணைப் புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்பதற்காக அதையும் எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். அப்பா யூனிபார்ம் போட்டுக்கொண்டார். நானும் கூடப் போனேன். தேதி முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. புத்தகத்தில் புது முத்திரையைப் பார்த்ததும் அவர் அதை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, தண்ணீர் குடிக்கிறேன் என்று கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார். நான் பின்னால் போகவில்லை. பைலில் பதினோராவது வரிக்குக் கீழே 'அத்தை' என்று எழுதி டிக் அடித்தேன்.

திரும்பி வந்து தெருவுக்குள் நுழையும்போது நான்கு மணி. அத்தை கேட்டில் நின்றிருந்தார்.

"இன்னா, வந்துச்சா?"

அப்பாவின் தோளில் உறை போட்ட துப்பாக்கி. ஒரு வார்த்தை பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். நான் பதில் சொல்ல வாய் திறந்தேன். அத்தை கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"இரு. வருவாரு."

உள்ளே பீரோ திறந்தது. பூட்டியது. மஞ்சள்தூள் டப்பா மூடியின் சத்தம் எனக்கு முதல்முறையாகக் கேட்டது. அப்பா வெளியே வந்தார், வெறுங்கையோடு.

"வந்துடுச்சும்மா" என்றார். "அஞ்சு வருஷத்துக்கு."

"அப்ப அஞ்சு வருஷம் கழிச்சி மறுபடியும் போலீசு என்னாண்டதான் வரும்" என்றார் அத்தை. "பாத்து நடந்துக்குங்க."

"சரிம்மா" என்றார் அப்பா. அவர் குரலை உயர்த்தாமல் அந்த கேட்டருகே பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.