சந்திக்கு மேலயா, கீழயா

என் அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பேராதனைப் பூங்காவுக்கு வந்தார்கள். அது அப்பாவின் யோசனை. எங்கள் வீடு மஹய்யாவயில். கண்டி நகரத்தின் குப்பையை அள்ளுகிறவர்கள் இருக்கும் இடம் என்று, பெயரைக் கேட்டாலே மூக்கைச் சுளிப்பார்கள். அள்ளாவிட்டால் நாறுவது யார் வாசலாம்?

அப்பாவுக்கு அச்சுக்கூடத்தில் வேலை. அதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. அவர் தங்கையைப் பார்க்க முன்பு வந்தவர்கள் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நின்ற லைன் வீடுகளைக் கண்டதும் வாசலோடு திரும்பிவிட்டார்கள். "தாலி ஏறினதுக்கப்புறம் தெரிஞ்சா தெரியட்டும்" என்றார் அப்பா. தற்செயலாகச் சந்தித்ததுபோல் இருக்கவேண்டுமாம். உலாவ வந்த குடும்பம் என்று காட்ட, எட்டு வயதான என்னையும் இழுத்துப் போனார்கள்.

பஸ் கெட்டம்பையைத் தாண்டும்வரை அப்பா பாடம் நடத்தினார்.

"வீடு எங்கன்னு கேட்டா?"

"அம்பிட்டிய."

"சத்தமா சொல்லு புள்ள. செத்த கோழி மாதிரி முனகாத."

நான் அம்பிட்டியவைப் பார்த்ததே இல்லை. மேட்டில் இருக்கிறது, கௌரவமானவர்கள் இருக்கும் இடம் என்று மட்டும் தெரியும். அதற்குமேல் ஏதாவது கேட்டால்? மகாவலிக் கரையோரமாக நடந்தோம். அப்பா பூக்களைப் பார்ப்பதாகப் பாவனை செய்தார். நான் எதிரே வந்த ஒவ்வொரு சேலையையும் பார்த்துப் பயந்தேன்.

மூங்கில் புதர்ப் பக்கம் அவர்கள் வந்தார்கள். பிலிமத்தலாவையில் கடை வைத்திருந்த மாப்பிள்ளையும் அவன் அம்மாவும். அப்பா "அடடே!" என்றார். கேவலமான நடிப்பு. மரவாங்கில் உட்கார்ந்து, அத்தை சுட்ட வடையைப் பிரித்தோம். அந்த அம்மா இரண்டாவது வடையையும் எடுத்தாள். அத்தையைப் பார்த்துச் சிரித்தாள். மாப்பிள்ளை ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அந்த அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"வீடு எங்கம்மா?"

"அம்பிட்டிய!" சத்தமாகத்தான் சொன்னேன்.

"அட, எங்க அண்ணனும் அங்கதானே! சந்திக்கு மேலயா, கீழயா?"

அப்பா இருமினார். நான் வாயைத் திறந்தேன். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"நாங்க மஹய்யாவ" என்றாள் அத்தை. "லைன் வீடு. வந்து பாக்கிறதுன்னா பாருங்க."

அந்த அம்மா கடித்த வடையைத் தாளில் திரும்ப வைத்தாள். விரல்களைக் கைலேஞ்சியில் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள். மகன் எழுந்து அவள் பின்னால் போனான். அவ்வளவு பெரிய ஆம்பிளை, அம்மாவின் சேலை நுனியைப் பிடிக்காத குறைதான்.

திரும்பும்போது அப்பா தனியாக முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் அத்தையின் தோளில் விழுந்து அழுதேன். ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் கல்யாணம் நடந்திருக்கும், என்னைக் காப்பாற்றத்தான் அத்தை எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டாள் என்று.

"ஒனக்காகச் சொல்லலடி" என்றாள் அத்தை, ஜன்னல் காற்றுக்கு முகத்தைக் கொடுத்தபடி.

என் மனது நோகாமல் இருக்க அத்தை சொல்லும் பொய் அது என்று நினைத்துக்கொண்டேன். காலையிலிருந்து எல்லோரும் பொய்தானே சொல்லிக்கொண்டிருந்தோம்.