ரெக்கார்டு மாதிரி இல்லாத பாட்டு

மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. டோல்கேட்டிலிருந்து போகிற வழியெல்லாம் டிரெய்லர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும், பஸ் நகராது. அப்படி நின்ற பஸ்ஸில்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. பழைய சினிமாப் பாட்டுகளை நாட்டுப்புறக் குரலில் திரும்பப் பாடுகிற பெண்களைக் கேட்கிற பைத்தியம்.

முன்பெல்லாம் கவர் பாட்டு என்றாலே எனக்கு ஆகாது. கோயில் திருவிழாக் கச்சேரியில் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, ரெக்கார்டில் உள்ள இழுப்பு அப்படியே வராவிட்டால் உதட்டைப் பிதுக்கும் ஆள் நான். பாடுகிறவர்கள் நொந்துபோவார்களே என்று யோசித்ததே இல்லை.

அந்தப் புத்தியை ஒரு பாடகி மாற்றினாள். போனில் ஒரு வீடியோவில் தற்செயலாக வந்தாள். குழைந்து குழைந்து பாடப்பட்ட ஒரு காதல் பாட்டை, ஒற்றைப் பறையை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு, தொண்டையை முழுசாகத் திறந்து பாடினாள். கெஞ்சலாக இருந்த வரி அவள் வாயில் சண்டையாகிவிட்டது. எனக்குச் சிலிர்த்துவிட்டது. பிறகு தேடித் தேடிக் கேட்டேன். ஒருத்தி தாலாட்டை ஒப்பாரி இழுப்பில் பாடுவாள். இன்னொருத்தி மூச்சு வாங்குவதைக்கூட மறைக்கமாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்த மனைவிக்குக் கேட்கட்டும் என்று போனைச் சத்தமாக வைத்தேன். என்ன குரல் பார், கடலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனுக்கும் கேட்கும் என்று பெருமை பேசினேன். அவள் கை நிற்கவில்லை.

"நான் பாடுனா மட்டும் மீனு கூவி விக்கிற மாதிரி கீதுன்னியே" என்றாள்.

நான் மறந்தே போயிருந்தேன். அவள் கடலோர மீனவர் ஊரான நெட்டுக்குப்பத்துப் பெண். அவள் அம்மா தெருத்தெருவாக மீன் விற்றவர். கல்யாணமான புதிதில் மொட்டைமாடியில் துணி காயப்போட்டபடி அவள் ஒரு சினிமாப் பாட்டைப் பாட, நான் சிரித்துக்கொண்டே அதைச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு பதினோரு வருஷமாக அவள் பாடவே இல்லை. நானோ, என் பொண்டாட்டிக்குப் பாட்டு என்றாலே பிடிக்காது என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்திருக்கிறேன். வெட்கமாகப் போயிற்று. தப்புதான் என்றேன். அவள் மீனை அலச எழுந்து போய்விட்டாள்.

அதன் பிறகு அந்தப் பாடகிகளைக் கேட்கும்போதெல்லாம் உறுத்தியது. இவர்களிடமும் எவனாவது அப்படிச் சொல்லியிருப்பான். இவர்கள் வாயை மூடிக்கொள்ளவில்லை. வீட்டில் இருக்கிறவளைப் பாடச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பஸ்ஸில் கேட்டுப் பிடித்த பாட்டுகளை அவள் போனுக்கு அனுப்பினேன். இரண்டு நீல டிக் மட்டும் வரும், பதில் வராது. ஆனாலும் விடாமல் அனுப்பினேன்.

போன வாரம் மாடிப்படி ஏறும்போது மேலே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவள் குரல் கேட்டது. கல்யாணமான புதிதில் பாடிய அதே பாட்டு. ஒரு வரியை முணுமுணுத்து, அடுத்த வரியை உரக்கத் தூக்கி எறிந்தாள். சரணத்தில் மெட்டு எங்கேயோ போய்த் திரும்பி வந்தது. திருத்தச் சொல்லி என் பழைய நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன். என்னைப் பார்த்ததும் பாட்டு நின்றது.

"இன்னா, ரெக்கார்டு மாதிரி இல்லியா?"

"இல்ல. அதான் நல்லா கீது. இன்னொரு தபா பாடு."

அவள், பிழிவதற்காக ஈரப் போர்வையின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள், இந்த முறை இன்னும் சத்தமாக.